நெடுமொழியும் நெஞ்சொடு கிளத்தலும்

பாட்டைக் கேட்பது வேறு. பாடுகின்றவரை நேரில் காண்பது வேறு. ஒலிநாடாவும் குறுந்தகடும் கைப்பேசியும் பாட்டை நம் வீட்டிற்கே கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. ஆயினும், பாடுகின்றவர் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்று நம் முன் நிற்கும் நிலையை அவற்றால் தர இயலாது. அவர் பாடுவது தம் சொந்த வாழ்வைப் பற்றியதாக, அதிலும் தம் குறைகளையும் ஆறாத புண்களையும் பற்றியதாக இருந்துவிட்டால், கேட்போரின் நிலையும் மாறிவிடுகிறது. அத்தகைய ஓர் அனுபவம் 2017-ஆம் ஆண்டில் எனக்கு அமெரிக்காவில் வாய்த்தது. அதைப் பற்றிய என் சிந்தனைகளை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தமிழ்த்துறை மலரில் அமெரிக்க 'ராப்' பாட்டிற்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நேர்மையானதே. ஆனால், நம் மாணவர்கள் பேருந்திலும் விடுதியிலும் செவியில் கருவியைப் பொருத்திக்கொண்டு கேட்பது பெரும்பாலும் இவ்வகைப் பாட்டைத்தான். மூத்தோராகிய நாம் அதைக் கேளாமலேயே ஒதுக்குகிறோம். இளையோர் அதை எண்ணிப் பாராமலேயே ஏற்கின்றனர். கேளாமல் ஒதுக்குவதும் எண்ணாமல் ஏற்பதும் கற்றோர்க்கு அழகன்று. ஆதலின் ஒருமுறையேனும் கேட்டு, எண்ணி, பின்னர் முடிவு கூறுவோம்.

அழைப்பும் தயக்கமும்

அமெரிக்காவில் பணிபுரியும் என் மகனின் இல்லத்தில் அவ்வாண்டு சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை அவன், "அத்தா, ஒருத்தரு பாடுறாரு, போய்க் கேட்டுட்டு வருவோம். ராப் பாட்டுதான், ஆனா அவரு முஸ்லிம். பிடிக்கலேன்னா பாதியில வந்துடலாம்" என்று அழைத்தான். அவர் பெயர் பிரதர் அலி. அவ்வாண்டு மே மாதத்தில் 'ஆல் தி பியூட்டி இன் திஸ் ஹோல் லைஃப்' என்னும் அவருடைய இசைத்தொகுப்பு வெளிவந்திருந்தது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் வந்த தொகுப்பு அது. அதனையொட்டி அவர் நகரம் நகரமாகச் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார்.

எனக்குத் தயக்கம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முப்பது ஆண்டுகள் யாப்பிலக்கணம் நடத்திய எனக்கு, பாட்டென்ற பெயரில் விரைந்து பேசும் இக்கலையின்பால் மதிப்பு இருந்ததில்லை. அரங்கின் பின்புறத்தில் மது விற்கும் இடம் இருந்ததைக் கண்டபோது தயக்கம் இரு மடங்காயிற்று. மஃரிபுத் தொழுகையை வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்திலேயே நிறைவேற்றிவிட்டு உள்ளே சென்றோம். எங்களுக்குச் சற்றுத் தள்ளி வேறு இரு இளைஞர்களும் தொழுதுகொண்டிருந்தனர். அவர்களும் அதே நிகழ்ச்சிக்குத்தான் வந்திருந்தனர் என்பது பின்னர் தெரிந்தது.

ராப் பாட்டின் பிறப்பும் நெடுமொழியும்

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் நடந்த ஓர் எளிய விருந்தை ஹிப்-ஹாப் கலையின் பிறந்தநாளாகக் கூறுவர். ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர், ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, அதில் பறையொலி மட்டும் தனித்து வரும் சில நொடிப் பகுதியை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து நீட்டித்தார். நீண்ட அத்தாளத்தின் மீது சொற்களை அடுக்கிப் பேசும் வழக்கம் வளர்ந்தது. அதுவே ராப் ஆயிற்று. வேலையின்மையாலும் எரிந்து பாழான குடியிருப்புகளாலும் சீரழிந்திருந்த ஒரு பகுதியில், இசைக்கருவி வாங்கவும் வசதியற்ற கறுப்பின, லத்தீன இளைஞர்கள் தமக்கென ஆக்கிக்கொண்ட கலை அது. 1979-இல் அது இசைத்தட்டாக வெளிவந்து பரவலாக விற்பனையாயிற்று. 1982-இல் வெளிவந்த 'தி மெசேஜ்' என்னும் பாட்டு சேரி வாழ்வின் துயரை நேராக எடுத்துரைத்தது.

இப்பாட்டு வகையின் அடிப்படைக் கூறு தற்புகழ்ச்சி. 'என்னை வெல்வார் யார்?' என்று அறைகூவுவதே அதன் தொடக்கப் பொருள். நம் புறப்பொருள் இலக்கணத்தில் 'நெடுமொழி' என்றொரு துறை உண்டு. வீரன் ஒருவன் தன் ஆற்றலைத் தானே உயர்த்திக் கூறுவது அது. ராப் பாட்டின் பெரும்பகுதியை நெடுமொழி என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். உலகம் ஒரு மனிதனைச் சிறியவன் என்று நாள்தோறும் கூறிக்கொண்டிருக்கையில், 'நான் பெரியவன்' என்று அவன் உரக்கக் கூறுவதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால், காலப்போக்கில் அந்நெடுமொழி பணத்தின் பெருமையாகவும், துப்பாக்கியின் பெருமையாகவும், பெண்ணை இழிவுபடுத்தும் பெருமையாகவும் சரிந்ததையும் மறுப்பதற்கில்லை. மூத்தோர் இக்கலையை வெறுப்பதற்குக் காரணமான பாட்டுகள் மெய்யாகவே உள்ளன.

எனினும், அதே கலைக்குள் வேறோர் ஓடையும் ஓடி வந்திருக்கிறது. பாடுகின்றவர் எதிரியை நோக்கிப் பேசுவதை நிறுத்தித் தம் உள்ளத்தை நோக்கிப் பேசத் தொடங்கும் ஓடை அது. வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரத்திற்கே பெயரிட்டார். அங்கே தலைவி காதல் துயரில் தன் நெஞ்சோடு பேசுகிறாள். இங்கே ஒரு மனிதன் தன் வாழ்க்கையின் கணக்கைத் தன் நெஞ்சோடு பேசுகிறான். பொருள் வேறாயினும் பேசும் முறை ஒன்றே.

இந்த ஓடைக்கும் இஸ்லாத்திற்கும் உள்ள தொடர்பு நம்மவர் பலர் அறியாதது. மால்கம் எக்ஸ் 1964-இல் ஹஜ் செய்து திரும்பியபின், நிறத்தின் அடிப்படையிலான வெறுப்பைக் கைவிட்டு இஸ்லாத்தின் சகோதரத்துவத்தை எடுத்துரைத்தார். 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய வாழ்க்கை வரலாறு கறுப்பின இளைஞர்கள் பலரை இஸ்லாத்தின் பக்கம் திருப்பியது. 1975-இல் தம் தந்தையார் எலிஜா முஹம்மதின் மறைவிற்குப் பின் தலைமையேற்ற இமாம் வாரித் தீன் முஹம்மது, அவ்வியக்கத்தினரில் பெரும் பகுதியினரை நிறக்கொள்கையிலிருந்து மீட்டு, உலக முஸ்லிம்களின் பொது நெறிக்குக் கொண்டுவந்தார். இச்சூழலில் வளர்ந்த கலைஞர்களின் பாட்டில் இஸ்லாமியச் சொற்கள் இயல்பாக இடம்பெற்றன. மோஸ் டெஃப் என்னும் பெயரில் பாடிய யாசீன் பே, 1999-இல் வெளியிட்ட தம் தொகுப்பை 'பிஸ்மில்லாஹ்' கூறியே தொடங்கினார்.

பிரதர் அலி

பிரதர் அலியின் இயற்பெயர் ஜேசன் நியூமன். 1977-இல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவர். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி இல்லாதவர். அக்குறைபாட்டால் சட்டப்படி பார்வையற்றோர் என்று வகைப்படுத்தப்படும் அளவிற்குக் கண்ணொளி குன்றியவர். சிறுவயதில் வெள்ளையினப் பிள்ளைகள் அவரை ஏளனம் செய்து ஒதுக்க, கறுப்பினப் பிள்ளைகளே அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டனர். வெள்ளையினும் வெள்ளையாக இருந்த காரணத்தால் ஒரு சிறுவன் வெள்ளையரால் ஒதுக்கப்பட்டான் என்பது நிறவெறியின் மடமைக்கு ஒரு சான்று.

பதின்மூன்று வயதளவில், கே.ஆர்.எஸ். ஒன் என்னும் புகழ்பெற்ற ராப் கலைஞர் மிச்சிகனில் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்கச் சென்றார் அச்சிறுவர். அவரிடம் மால்கம் எக்ஸின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்குமாறு கூறினார் அக்கலைஞர். ஒரு பாடகரின் பரிந்துரையால் படித்த ஒரு நூல் அவரை இஸ்லாத்திற்கு அழைத்து வந்தது. பதினைந்தாம் வயதில் கலிமா மொழிந்தார். மினியாபொலிஸ் நகரில் இமாம் வாரித் தீன் முஹம்மதின் வழிநிற்கும் சமூகத்தாரிடையே வளர்ந்தார்.

2003-இல் வெளிவந்த 'ஷேடோஸ் ஆன் தி சன்' அவரை நாடறியச் செய்தது. அதில் நெடுமொழியும் உண்டு. தம் தோற்றத்தைத் தாமே நகைத்து, அதே தோற்றத்தை இறைவன் படைப்பாக ஏற்றுக்கொள்ளும் பாட்டும் உண்டு. 2007-இல் தம் நாட்டு அரசின் கொடுமைகளைச் சாடும் பாட்டொன்றை வெளியிட்டதால் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆதரவை இழந்தார். 2012-இல் வந்த தொகுப்பின் அட்டையில், அமெரிக்கக் கொடியின் மீது அமர்ந்து தொழும் நிலையில் அவர் காட்சி தந்தார். அது எதிர்ப்பை எழுப்பிற்று. இவை யாவும் வெளியுலகை நோக்கிய பாட்டுகள். 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பிலோ, அவர் தம் உள்ளத்தை நோக்கித் திரும்பியிருந்தார்.

அரங்கில் கண்டது

சில நூறு பேர் நின்றுகொண்டே கேட்கும் சிறிய அரங்கம். இருக்கைகள் இல்லை. மேடையில் இசைத்தட்டுகளை இயக்குபவர் ஒருவர், பாடுகின்றவர் ஒருவர். ஆட்டக்காரர் இல்லை, கண்ணைப் பறிக்கும் காட்சிகள் இல்லை. வெண்ணிறத் தாடியும், பருத்த உடலும், தலையில் தொப்பியுமாக வந்து நின்ற அவரைக் கண்டபோது, நம்மூர்ப் பள்ளிவாசலின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது. விளக்கொளி கண்ணைக் கூசச் செய்வதால் தலையைச் சற்றே சாய்த்து நின்றார். அவர் எங்களைத் தெளிவாகக் காண இயலாது. நாங்கள் அவரைக் காண்கிறோம். இந்த ஏற்றத்தாழ்வு சிறிது நேரம் எனக்குக் கூச்சத்தை அளித்தது.

முதல் சில பாட்டுகளில் சொற்கள் விரைந்தோடின. என்னால் பாதியைத்தான் பிடிக்க முடிந்தது. ஆனால் எதுகையும் இயைபும் காதில் விழுந்தன. வரியின் கடைச்சொல் மட்டுமின்றி வரியின் நடுவிலும் ஒலிகள் ஒன்றையொன்று தொட்டுச் சென்றன. வண்ணப் பாடல்களின் சந்தத்தைப் பயின்றவர்க்கு அந்த இன்பம் அயலானதன்று. பாட்டுகளுக்கு இடையே அவர் உரையாடுவதுபோல் பேசினார். அப்பேச்சு எனக்கு முழுமையாக விளங்கிற்று. கறுப்பின இளைஞனாக வளரும் தம் மகனுக்குக் கடிதம் எழுதுவதுபோல் அமைந்த ஒரு பாட்டையும் பாடினார். தெருவில் நடப்பதற்கே அஞ்ச வேண்டிய நாட்டில் மகனை வளர்க்கும் தந்தையின் கவலை அது. என் அருகில் என் மகன் நின்றிருந்தான். அயல்நாட்டில் அவன் பெயரும் தாடியும் அவனுக்கு என்னென்ன இடர்களைத் தந்திருக்கக்கூடும் என்று அதுவரை நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னர், 'அவுட் ஆஃப் ஹியர்' என்னும் பாட்டிற்கு வந்தார். அவருடைய பாட்டனாரும், பின்னர் தந்தையாரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். தந்தையை முன்னிலைப்படுத்திப் பேசும் பாட்டு அது. எதனால் இவ்வாறு செய்தீர் என்ற வினா, நான் கவனித்திருந்தால் தடுத்திருக்கலாமோ என்ற குற்ற உணர்வு, இந்தக் குருதிதானே என்னுள்ளும் ஓடுகிறது என்ற அச்சம் ஆகிய மூன்றும் அதில் மாறி மாறி வருகின்றன. அரங்கம் அடங்கிப் போயிற்று. அதுவரை கையுயர்த்தி ஆரவாரம் செய்த இளைஞர்கள் தலைகவிழ்ந்து நின்றனர். பாட்டு முடிந்த பின்பும் சில நொடிகள் எவரும் கைதட்டவில்லை. தொழுகையின் வண்டி நிறுத்துமிடத்தில் நாங்கள் கண்ட இரு இளைஞர்களில் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன்.

நெடுமொழியில் தொடங்கிய ஒரு கலை, நெஞ்சொடு கிளத்தலாக முதிர்ந்து நின்ற காட்சி அது.

மூன்று தடைகள்

இதனைப் படிக்கும் பெரியோர் மூன்று தடைகளை எழுப்பக்கூடும். மூன்றும் என் உள்ளத்திலும் எழுந்தவையே.

முதலாவது, இசையே கூடுமா என்பது. இதில் அறிஞரிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலின் நாற்பது பகுதிகளுள் ஒன்றை இசை கேட்டல் பற்றியே எழுதி, கேட்போரின் நிலையையும் கேட்கும் பொருளையும் கொண்டு அதன் தீர்ப்பு மாறும் என்று விளக்கினார்கள். திருக்குர்ஆனின் 'அஷ்ஷுஅரா' அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் வழிகேடான கவிஞர்களைக் கண்டித்துவிட்டு, இறைநம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோரை அதனின்றும் விலக்குகின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அவையில் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவிபாடியதை நாம் அறிவோம். ஆகவே, சொல்லின் பொருளையும் அது செல்லும் திசையையும் நோக்காமல் வடிவத்தை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பது முறையன்று. மது விற்கும் அரங்கில் அது நிகழ்வதை நான் நியாயப்படுத்தவும் இல்லை.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. பாவத்தை மறைத்தல் நம் மார்க்கத்தின் பண்பு. இறைவன் இரவில் திரையிட்டு மறைத்த பாவத்தை விடிந்தபின் தானே ஊரறியச் சொல்லித் திரிபவனை ஹதீஸ் கண்டிக்கிறது. நம்மிடையே பாவமன்னிப்பு இறைவனிடம் நேரே கேட்கப்படுவது. எந்த மனிதரிடமும் அறிக்கையிட வேண்டியதில்லை. அவ்வாறிருக்க, மேடையேறித் தம் குடும்பத்தின் துயரையும் தம் குற்ற உணர்வையும் பாடுவது தகுமா?

இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். பாவத்தைப் பெருமையாகப் பேசித் திரிவது ஒன்று. பட்ட புண்ணை எடுத்துக்காட்டி, அதே புண் உடையோர்க்குத் துணையாவது மற்றொன்று. முன்னதை ஹதீஸ் தடுக்கிறது. பின்னது மருந்து. தந்தையின் மரணத்தைப் பாடியவர் அதில் தமக்கொரு பெருமையைத் தேடவில்லை. தந்தையைத் தூற்றவும் இல்லை. தம்மையே வினவினார். கணக்குக் கேட்கப்படும் நாள் வருமுன்னே தம்மைத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகப் படிக்கிறோம். இமாம் கஸ்ஸாலி அவர்களின் அதே நூலில், 'முஹாஸபா' என்னும் இத்தன்னாய்விற்கும் தனிப்பகுதி உண்டு. தன்னாய்வு தனிமையில் நிகழ வேண்டியது என்பது உண்மை. ஆயினும், அது எவ்வாறு செய்யப்படும் என்பதை ஒருவர் செய்து காட்டாவிடில் இளையோர் எங்கே கற்பர்?

மூன்றாவது, நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் நிகழ்ச்சியில் கண்ணீரும் ஒரு சரக்காகிவிடாதா என்பது. ஆகலாம். ஒரே பாட்டை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் இரவும் பாடுகின்றவர்க்குத் துயரமும் தொழிலாகிவிடும் அபாயம் உண்டு. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் நம் சொற்பொழிவு மேடைகளுக்கும் அந்த அபாயம் உண்டு என்பதை மறவாதிருப்போம். கூட்டத்தை அழ வைப்பதற்கென்றே பேசும் பேச்சாளரை நாமும் அறிவோம். சொல் உண்மையா என்பதைக் கேட்போர் தம் வாழ்வில் விளையும் மாற்றத்தைக் கொண்டே அளக்க முடியும். ஆதலால் என் வாழ்வில் விளைந்ததைக் கூறுகிறேன்.

நான் கேட்காத வினா

என்னோடு கல்லூரியில் பயின்ற நண்பர் ஒருவர் வணிகம் செய்துவந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என் வீட்டிற்கு வந்தார். நெடுநேரம் அமர்ந்திருந்தார். தேநீர் அருந்தினார். மழையைப் பற்றியும் பழைய ஆசிரியர்களைப் பற்றியும் பேசினார். இடையிடையே பேச்சு அற்றுப்போயிற்று. என் மேசையில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. என் கண் அவற்றின் மீதே சென்றுகொண்டிருந்தது. அதை அவர் கண்டிருக்க வேண்டும். எழுந்து ஸலாம் கூறிச் சென்றார். இரண்டு மாதங்களில் அவர் மறைந்தார். மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. ஜனாஸாவிற்குச் சென்ற எங்களுள் பலர் உண்மையை அறிந்திருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருடைய மகனுக்கு அப்போது பதினேழு வயது. மையவாடியின் வாயிலில் நின்று எல்லோருடைய கையையும் பற்றி ஸலாம் கூறிக்கொண்டிருந்தான்.

குடும்பத்தின் மானத்தைக் காக்கவே மௌனம் காத்தோம் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த அரங்கில் அப்பாட்டைக் கேட்டபோதுதான், மௌனம் காத்தது எங்கள் மானத்தை என்று விளங்கிற்று. அவர் வீடு தேடி வந்த அன்று, 'என்ன மாப்ளே, என்ன விசயம்?' என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வினாவை நான் என்னிடமும் அதுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியபின் அம்மகனைத் தேடிச் சென்றேன். அவர் இப்போது குடும்பஸ்தர், கடை வைத்திருக்கிறார். உம் தந்தையார் என் வீட்டிற்கு வந்த அன்று நான் அவரைச் சரியாகக் கேட்கவில்லை, அது என் தவறு என்று கூறினேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தவர், கடைப்பையனை அனுப்பிவிட்டுப் பேசத் தொடங்கினார். இஷா பாங்கு சொல்லும் வரை பேசினார். அவர் கூறியவை அவருக்கே உரியவை. இங்கு எழுதுவதற்குரியவை அல்ல. மறைக்க வேண்டியதற்கும் பேச வேண்டியதற்கும் உள்ள எல்லை எங்கே இருக்கிறது என்பதை அந்த மாலை எனக்குக் கற்றுத் தந்தது.

நம் மேடைகளில்

தன்னை வினவும் பாட்டு நம் மரபிற்குப் புதிதன்று. தமிழ் முஸ்லிம் புலவர்கள் வளர்த்த 'முனாஜாத்து' என்னும் இலக்கிய வகை, அடியான் தன் சிறுமையை எடுத்துரைத்து இறைவனிடம் இரகசியமாக இரந்து நிற்பதுதான். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களில் தம் மனத்தைத் தாமே கடிந்துகொள்ளும் இடங்கள் எத்தனை! அம்மரபின் வாரிசுகளாகிய நாம் இன்று என்ன பாடுகிறோம்? நம் கவியரங்குகளில் பண்டைப் பெருமை பேசுகிறோம். அல்லது பிறர் குறையைச் சாடுகிறோம். இரண்டுமே நெடுமொழியின் வகைகள்தாம். நெஞ்சொடு கிளத்தல் எங்கே போயிற்று?

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். ராப் பாட்டைக் கேட்பதும் கேளாததும் உங்கள் பெற்றோரோடும் உங்கள் மனச்சான்றோடும் நீங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. கேட்பவராயின், அந்த உடையையும் சைகையையும் பணப்பெருமையையும் எடுத்துக்கொள்ளாதீர். தம் தோற்றத்தை ஏளனம் செய்தவர்களுக்கு நடுவே நின்று, தம்மைப் படைத்தவனுக்கு நன்றி கூறக் கற்ற ஒரு மனிதரின் உறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளத்தில் சுமை இருந்தால், இறைவனிடம் கூறுங்கள். நம்பிக்கைக்குரிய ஒரு மனிதரிடமும் கூறுங்கள். வேண்டுமாயின் மருத்துவரிடமும் கூறுங்கள். மருந்தை நாடுவது இறைநம்பிக்கைக்கு முரணானதன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று கூறலாம். அடுத்த ஆண்டு நம் துறைக் கவியரங்கில் ஓர் அமர்வை ஒதுக்குவோம். அதில் பாடுகின்றவர் பிறர் எவரையும் குறைகூறலாகாது என்று விதி வைப்போம். அவ்விதிக்குள் நின்று எத்தனை பேரால் பத்து வரி பாட முடிகிறது என்று பார்ப்போம். முதலில் ஆசிரியர்களே பாடுவது நலம். மேலும், விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வந்து அமரும் மாணவன் முகத்தைப் பார்ப்பதற்கென்று வாரத்தில் ஒரு மணி நேரத்தையாவது வைத்துக்கொள்வோம்.

ஜமாஅத்துப் பெரியோர்களிடம் பணிவோடு ஒன்று. தன்னுயிரை மாய்த்தல் பெரும்பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாறு இறந்தவர்க்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே ஷாபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் ஏற்கப்பட்ட கருத்து. இறந்தவரின் தீர்ப்பு இறைவனிடம் இருக்கிறது. உயிரோடிருப்பவரின் கண்ணீர் நம்மிடம் இருக்கிறது. அந்த வீட்டின் பிள்ளைகளை மௌனத்தால் தண்டியாதிருப்போம். ஜும்ஆப் பேருரைகளில், கடனாலும் மனச்சோர்வாலும் வாடுவோரைத் தேடிச் சென்று கேட்பதன் கடமையையும் எடுத்துரைக்கச் செய்வோம்.

அன்றிரவு அரங்கைவிட்டு வெளியே வந்தபோது குளிர் மிகுந்திருந்தது. வீடு சேரும் வரை நானும் மகனும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அவனுடைய அலுவலகத்தைப் பற்றியும், அங்கே அவன் படும் இடர்களைப் பற்றியும் நான் கேட்டேன், அவன் கூறினான். அந்தப் பாட்டால் எனக்கு வாய்த்த முதற்பயன் அதுவே.

நம்மை நாமே வினவிக்கொள்ளும் துணிவையும், பிறர் துயரைக் கேட்கும் செவியையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.